வெள்ளைக் கையுறையும் அலுவலர் ஒருவரும்

1

இந்தக் கதையை நான் முதன்முதலில் ஒரு படிவத்தில் எழுதினேன். கதை எழுதுகிறோம் என்ற எண்ணம் அப்போது இல்லை.

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் எனக்கு வேலை. ஆட்களைச் சேர்ப்பது, விடுப்பு விண்ணப்பம் பார்ப்பது, பாதுகாப்புப் பலகைகளைச் சுவரில் ஒட்டுவது, எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டரைச் சிரித்த முகத்தோடு சுற்றிக் காட்டுவது எல்லாம் என் பொறுப்பு. யாருக்காவது அடிபட்டால் விபத்து அறிக்கை நிரப்புவதும் நான்தான். போன புரட்டாசியில், கம்பெனியின் பின்பக்கக் கொட்டகையில் தச்சு வேலை பார்க்கும் மூக்கையாவின் வலது கை ரம்ப மெஷினில் மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மோதிர விரலைத் தைத்துவிட்டார்கள், ஆனால் அது மடங்காது.

படிவத்தில் ‘விபத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தில் இரண்டு வரிக்கு இடம் இருக்கும். நான் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். ஒரு வரி மிச்சம் இருந்தது.

அந்த வரியை மாற்றி, நடந்ததை நடந்தபடி ஒரு கடிதமாக எழுதித் தரும்படி மூக்கையா இப்போது கேட்கிறார். அது கிடைத்தால் அவருக்கு மறுபடி மரவேலை கிடைக்கும். கேட்டுப் பத்தொன்பது நாளாகிறது. அவர் கேட்டது ஒரு கடிதம். நான் எழுதிக்கொண்டிருப்பது ஒரு கதை. என்னை நீங்கள் எடைபோட இதுவே போதும் என்றால், இத்தோடு நிறுத்திவிட்டுப் போகலாம்.

2

மூன்று தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘ரம்பத்தின் சத்தம் திடீரென்று மாறியபோது கொட்டகையில் இருந்த எல்லோரும்—’

(நான் அங்கே இல்லை. சத்தத்தைக் கேட்கவும் இல்லை. அப்போது துணி வெட்டும் கட்டிங் ஹாலில் ஆடிட்டருக்கு இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காத சத்தத்தை எழுதக் கூடாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூர் பஸ் ஏறியபோது மூக்கையாவிடம் இருந்தது ஒரு உளியும்—’

(உளியோடு ஒருவர் பஸ் ஏறினால் வாசகர் உடனே இரக்கப்படத் தயாராகிவிடுவார். இரக்கம் வந்துவிட்டால், இதை யார் செய்தது என்று கேட்க மறந்துவிடுவார். அது எனக்கு ரொம்பச் சௌகரியம். அதனாலேயே அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: ‘ஆடிட் நாளன்று காலை, அலுவலர் ஒருவர் கொட்டகைக்கு வந்து மூக்கையாவிடம் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தார்.’

இதை வைத்துக்கொண்டேன். தகவல் சரி. வாக்கியமும் அமைதியாக இருக்கிறது.

3

கையுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனிக்குள் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

எங்கள் ஊரில் துணி வெட்டும் ஆட்கள் கையில் இரும்பு வலைக் கையுறை போட வேண்டும். மடித்து அடுக்கிய துணியைக் கத்தி அறுத்துக்கொண்டு போகும்போது பக்கத்தில் இருக்கும் விரலை அது காப்பாற்றும். ஆனால் அதைப் போட்டால் வேலை ஓடாது, வெட்டும் பீஸ் எண்ணிக்கை குறையும் என்று யாரும் போடுவதில்லை. நாங்களும் போடச் சொல்வதில்லை. கையுறைகள் என் பீரோவில் புத்தம் புதிதாக இருக்கும். ஆடிட் அன்று காலை எட்டரைக்கு எடுத்துக் கொடுப்பேன். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கி வைத்துவிடுவேன். ஒன்பது ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். எனக்கு இதில் பெரிய வெட்கம் இருந்ததாகச் சொன்னால் பொய்.*

(* பையர்களுக்கும் இது தெரியும் என்பது என் சந்தேகம். ஒரு துளி எண்ணெய்க் கறைகூட இல்லாத கையுறையைப் பார்த்தும் கேள்வி கேட்காத ஆடிட்டர்களை என்னவென்று சொல்வது? ஆனால் இந்த அடிக்குறிப்பு பழியைப் பங்கு போடத்தான் வருகிறது. அதையும் நீங்கள் கவனியுங்கள்.)

மரம் அறுக்கும் ரம்பத்துக்கு விதி நேர்மாறு. சுழலும் பல்லுக்குப் பக்கத்தில் துணி போகக் கூடாது. நூல் போகக் கூடாது. மூக்கையா சுவிட்சைப் போடுவதற்கு முன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுவார். கோயிலில் கட்டிவிட்ட கயிற்றைக்கூடக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மெஷினுக்கு வருவார். பலகையைக் கையால் தள்ளாமல் ஒரு கட்டையால் தள்ளுவார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படித்தான்.

ஆனால் பையர் அனுப்பியிருந்த பட்டியலில், ‘வெட்டும் இயந்திரங்களில் வேலை செய்வோர் அனைவரும் கையுறை அணிந்துள்ளனரா?’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. துணிக் கத்திக்கும் மர ரம்பத்துக்கும் சேர்த்து அதே கட்டம். அந்தத் தடவை ஆடிட்டர் பின்பக்கக் கொட்டகையையும் பார்ப்பார் என்று மெயில் வந்திருந்தது. பீரோவில் இருந்த இரும்புக் கையுறைகள் கட்டிங் ஆட்களுக்கே பற்றவில்லை. இருந்தது வெள்ளைப் பனியன் துணிக் கையுறை. அலுவலர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு—

சரி, உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அந்த அலுவலர் நான்தான். கதையில் மட்டும் ‘அலுவலர் ஒருவர்’ என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். கதைக்குக் கொஞ்சம் விலகல் வேண்டும் என்பார்கள்.

அன்று நடந்த பேச்சு இவ்வளவுதான்.

“மேடம், சுத்துற மெஷின்ல துணி ஆகாது. இழுத்துப்புடும்.”

“இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் போட்டுக்குங்கண்ணா. ஆடிட்டர் போனதும் கழட்டிக்கலாம்.”

“அவுக வாறப்ப மெஷின ஆப் பண்ணி வச்சிடவா?”

“ஓடாத மெஷினப் பாத்தா கேள்வி கேப்பாங்கண்ணா. சும்மா நாலு பலக ஓட்டுங்க, போதும்.”

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். விரல் நுனியில் ஓர் அங்குலம் தொளதொளவென்று இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

பதினொன்றேகாலுக்கு, பனியன் துணி மாட்டிய கை கட்டையிலிருந்து வழுக்கியது. தொங்கிய நுனியை ரம்பம் பிடித்துக்கொண்டது. மற்றதை எழுத வேண்டியதில்லை. விரல்களைக் கையுறையோடு சேர்த்தே எடுத்து, டீசர்ட் போடும் கவரில் வைத்து, கேன்டீன் ஐஸில் புதைத்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். கவரின்மேல் ‘எம்’ சைஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வண்டியில் போகும்போது அதை உரித்தெடுக்க முயன்றுகொண்டே இருந்தேன்.

ஆடிட்டர் கொட்டகைப் பக்கம் வரவே இல்லை. நேரமில்லை என்று கிளம்பிவிட்டார். நல்ல மார்க் போட்டிருந்தார்.

4

இந்த இடத்தில் மூக்கையா என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எழுதிப் பார்த்த இரண்டு வடிவங்களில் அவர் என்னைத் திட்டினார். ஒன்றில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து கத்தினார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிஜத்தில் அவர் கண்விழித்துக் கேட்ட முதல் கேள்வி வேறு.

“ஆடிட் என்னாச்சு மேடம்?”

இப்படிக் கேட்கிற ஒருவரை வாசகர் நம்புவாரா? நானே நம்பவில்லை. நக்கல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே கேட்டார். தன்னால் ஆர்டர் போய்விட்டதோ என்று பயந்திருக்கிறார்.

அதற்கு மறுநாள் படிவத்தோடு போனேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், நன்றாகக் கையெழுத்துப் போடுவார். வலது கை முழுக்கக் கட்டு. “பார்மாலிட்டிதாங்கண்ணா” என்று சொல்லி, இடது பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்தேன். அவர் படிக்கக் கேட்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

பிறகு நடந்தவை சிறு சிறு விஷயங்கள். இ.எஸ்.ஐ. பென்ஷன் வருகிறது, அதில் குறையில்லை. கம்பெனி அவரை நிறுத்தவும் இல்லை. பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை கொடுத்திருக்கிறது. ஆனால் அவர் கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காருவதில்லை. மூன்று விரலில் சோறு நிற்காது. ஊர் நடுவே இடது கையால் சாப்பிட அவருக்கு மனமில்லை. ஸ்பூன் கேட்கவும் கூச்சம். மொய் எழுதிவிட்டுப் பசியோடு திரும்பி வருவார். இல்லாத நடுவிரல் அரிக்கிறது என்று மனைவி ராக்கம்மாளிடம் சொல்வாராம். அவள் எங்கே சொறிவாள்? வெறும் காற்றில் விரலை அசைத்துக் காட்டுவாளாம். கொஞ்சம் அடங்கும் என்கிறார்.

பெட்டி ஒட்டுவதை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் போய்ப் புதிய ஆள் பலகை ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை அந்த ஆளின் கையில் கட்டியிருந்த கயிற்றைக் கழற்றச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார். மூக்கையா சத்தம் போட்டு யாரும் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

5

சாமளாபுரத்தில் தங்கராஜ் என்பவர் மரப்பட்டறை வைத்திருக்கிறார். கம்பெனிகளுக்குக் கட்டிங் டேபிள் செய்து கொடுக்கிறார். ஆறு பேர் வேலை பார்க்கும் அந்தப் பட்டறைக்கு மூக்கையாவை மேஸ்திரியாகப் போட நினைத்தார். மேஸ்திரிக்கு ரம்பம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், மரம் தெரிந்திருக்க வேண்டும். பத்து விரலும் வேண்டும் என்பதில்லை. போன மாதம் எனக்குப் போன் செய்தார்.

“ஏனுங்க மேடம், உங்க மூக்கையாவ மேஸ்திரியாப் போட்டுக்கலாம்னு இருக்கறனுங்க. அவுருக்குக் கை எப்படிங்க போச்சு?”

“ரெக்கார்டுல கவனக்குறைவுன்னு இருக்குதுங்க.”

“அப்படீங்களா. செரிங்க. வெச்சர்றனுங்க.”

பொய் சொல்லவில்லை. ரெக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது.

(மேலே உள்ள வாக்கியத்தை நான்கு முறை அடித்துத் திரும்ப எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி இதைவிடச் சரியான வாக்கியம் கிடைக்கவில்லை.)

இரண்டு நாள் கழித்து மூக்கையா மாடி ஏறி என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ரெண்டு வெரல் போனத அவரு பெருசா எடுக்கல மேடம். கவனமில்லாதவன்னு ஒரு பேச்சு வந்திருச்சே, அதத்தான் யோசிக்காரு. ஆறு பேரு கைய எங்கிட்ட நம்பி விடணும்ல? நான் அவரா இருந்தாலும் யோசிப்பேன். அன்னைக்கு நடந்தத எழுதிக் குடுங்க. எழுத முடியாட்டி போன்லயாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க. ஆடியில ஆளு போட மாட்டாராம். ஆவணி ஒண்ணாந்தேதி போடுறதா இருக்காரு.”

நான் முதலாளி ரத்தினசாமியிடம் போய்க் கேட்டேன். அவரை வில்லனாக எழுத முடிந்திருந்தால் இந்தக் கதை எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அன்று ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

“மூக்கையாவுக்கு நாம என்ன கொற வெச்சோம், சொல்லு கண்ணு? லெட்டர் ஒண்ணு வெளிய போச்சுன்னா அது பையர் கைக்குப் போயிரும். முந்நூறு பேரு ஊட்டுல அடுப்பு எரியறது அந்த ஆர்டர்லதான. கையுறை குடுத்தது யாருன்னு கேப்பான். அப்பறம் உன்னைய நான் எப்புடி வெச்சுக்கறது? உனக்காகவும்தான் சொல்றேன்.”

‘உனக்காகவும்’ என்றபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் அவரிடம் போனேனோ என்னவோ. சொந்த ஊரான குண்டடத்தில் அப்பாவும் அம்மாவும் என் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள் என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பொய் இல்லை, ஆனால் எடுத்துவிட்டேன்.

6

முடிவுகள்.

(அ) அலுவலர் தங்கராஜுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்கிறார். ஆவணி ஒன்றாம் தேதி மூக்கையா பட்டறையில் சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிறார். அலுவலருக்கு ஒன்றும் ஆகவில்லை.

(ஆ) அலுவலர் சொல்கிறார். செய்தி பையருக்குப் போகிறது. அலுவலருக்கு வேலை போகிறது. ஆர்டரும் போகிறது. அலுவலர் செய்தது சரியா என்று வாசகர் குழம்புகிறார்.

(இ) அலுவலர் சொல்லவில்லை. கதை எழுதுகிறார். கதையைப் பலரும் பாராட்டுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் எடுத்துக்கொண்டு மூக்கையா வீட்டுக்குப் போனேன். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் கடைசி அறை. ராக்கம்மாள் அலுமினியத் தட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கதை எழுதியிருக்கிறேன், படிக்கட்டுமா என்று கேட்டேன். மூக்கையா டிவியை அணைத்துவிட்டு ஒழுங்காக உட்கார்ந்தார். கையுறை இடம் வந்ததும் என் குரல் உடைந்தது. உடையட்டும் என்றுதான் விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கென்று எழுதிவைத்த ‘அந்த அலுவலர் நான்தான்’ என்ற பத்தியையும் அடைப்புக்குறிப்புகளையும் தாண்டிப் படித்தேன்.

படித்து முடித்தபோது ராக்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா எழுதியிருக்கீக மேடம். அந்த டீசர்ட் கவரு கத எனக்கே தெரியாது. இத அப்படியே தங்கராஜுகிட்ட குடுத்தா ஆகுமா?”

“இது கதைங்க, ராக்கம்மா. பத்திரிகைக்கு.”

“அப்ப இவருக்கு இதால என்ன?”

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மூக்கையா அவளைப் பார்வையால் அடக்கினார். வந்த விருந்தாளியை இப்படிக் கேட்கலாமா என்ற பார்வை. பிறகு காகிதத்தை வாங்கி, இடது கையால் பக்கங்களைத் தள்ளி எதையோ தேடினார்.

“எம் பேரு இருக்கு,” என்றார். “எம் பொஞ்சாதி பேரு இருக்கு. மொதலாளி, தங்கராஜு, எல்லாரு பேரும் இருக்கு. இந்தக் கையுறையக் குடுத்தவுகளுக்கு மட்டும் பேரு இல்லையே மேடம்?”

கதைக்கு விலகல் வேண்டும் என்று அவரிடமா சொல்வது? எழுதுவதற்கென்று நான் வேறு ஒரு பெயர் வைத்திருக்கிறேன். இந்தக் கதை வெளிவந்தாலும் மேலே அச்சாகப் போவது அந்தப் பெயர்தான். எழுதியது நான்தான் என்று ரத்தினசாமியோ ஆடிட்டரோ ஒருநாளும் நிரூபிக்க முடியாது. அவ்வளவு பத்திரமாக இருந்துகொண்டு அவருடைய பெயரையும் வெட்டுப்பட்ட விரல்களையும் எடுத்து வெளியே வைத்திருக்கிறேன்.

“டீ போடு,” என்று அவர் ராக்கம்மாளிடம் சொன்னார். நான் டீ குடித்துவிட்டு வந்தேன்.

7

ஆகவே என் சொந்தப் பெயரைப் போட்டுத் திருத்தி எழுதுகிறேன்.

‘ஆடிட் நாளன்று காலை, மோனிஷா கொட்டகைக்குப் போய், சுத்துற மெஷினில் துணி ஆகாது என்று மூக்கையா சொன்ன பிறகும், அவரை வெள்ளைக் கையுறை போடவைத்தாள். மெஷினை நிறுத்தி வைக்கவா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றாள். அதனால்தான் கை போனது. மூக்கையா கவனமில்லாதவர் அல்ல. கவனமில்லாதவள் மோனிஷா.’

எழுதியதும் மனசு லேசாகிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. ஏனென்றால் இதை நீங்கள்தான் படிக்கிறீர்கள். நீங்கள் என்னை மன்னித்துவிடவும் கூடும், கதை படிக்கிறவர்கள் இளகிய மனம் உள்ளவர்கள். உங்கள் மன்னிப்பை வைத்துக்கொண்டு மூக்கையா ஒரு பலகைகூட அறுக்க முடியாது. தங்கராஜுக்குக் கதை படிக்கும் பழக்கம் இல்லை.

அவருடைய எண் என் போனில் இருக்கிறது. ஆடி முடிய இன்னும் நான்கு நாள். போன் செய்தேன், சொன்னேன் என்று இங்கே ஒரு வரி எழுதிவிட எனக்கு அரை நிமிஷம் ஆகாது. எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நானும் நம்பிவிடுவேன். அதனால் முடிவை எழுதப் போவதில்லை.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது ஆவணி பிறந்திருக்கும். மண்ணரைப் பக்கம் வந்தால் எங்கள் கம்பெனிக்கு வாருங்கள். வாட்ச்மேனிடம் என் பெயரைச் சொன்னால் உள்ளே விடுவார். ஒருவேளை அப்படி யாரும் இப்போது இங்கே வேலையில் இல்லை என்றும் சொல்லலாம். எதுவானாலும் பேக்கிங் பிரிவை எட்டிப் பாருங்கள். வலது மணிக்கட்டால் அட்டைப்பெட்டியை அழுத்திக்கொண்டு இடது கையால் டேப் ஒட்டுகிற ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள்.

இருந்தால், மாடி ஏறி என் அறைக்கு வராதீர்கள். கதை நன்றாக இருந்தது என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.